வயலிலிருந்து ஆலைக்கு: ஹரீஷ் தாமோதரனின் வணிக இதழியலில் கொங்கு நாடு

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவின் வேளாண், வணிகச் செய்தியாளர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஹரீஷ் தாமோதரன். 'தி இந்து பிசினஸ்லைன்' நாளிதழில் நெடுங்காலம் பணியாற்றிய அவர், பின்னர் 'தி இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழின் ஊரக, வேளாண் பிரிவு ஆசிரியரானார். அவருடைய எழுத்துகள் ஆங்கிலத்தில் அமைந்தவை. வாசகர்களும் பெரும்பாலும் தமிழகத்துக்கு வெளியே இருப்பவர்கள். ஆயினும் அவரது எழுத்து வாழ்க்கையின் முக்கியக் கட்டங்கள் மூன்றிலும் கொங்கு நாடு இடம்பெறுகிறது. கோவையின் உழுகுடி முதலாளிகள், கோவையில் உருவான கரும்பு இரகங்கள், சேலத்துப் பால் ஆகிய மூன்றையும் முன்வைத்து அவரது இதழியல் முறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கொங்கு வட்டாரத் தமிழ் நாவல்கள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வணிக இதழியல், கொங்கு நாடு, முதலாளி, பண்ணையாள், கரும்பு, பால், திணை.

முன்னுரை

தமிழகத்தில் பொருளாதார இதழியல் இதழியலின் தொடக்க நாள்களிலேயே வேர்கொண்டது. 1882இல் 'சுதேசமித்திர'னைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர், பிரித்தானிய ஆட்சியின் பொருளாதாரக் கூறுகளைப் பற்றி 1903இல் ஆங்கிலத்தில் நூலும் எழுதியவர். அவர் காலத்தின் அடிப்படைக் கேள்வி, ஆலையும் செல்வமும் யாருக்கு உரியவை, அயலாருக்கா இந்தியருக்கா என்பதாகும். விடுதலைக்குப் பின் அக்கேள்வி வேறு உருக்கொண்டது. ஆலை இந்தியருக்கே உரியதாகிவிட்டது எனில், எந்த இந்தியருக்கு? இக்கேள்வியை எழுப்பத் தயங்கிய வணிக இதழியல் நெடுநாள் பங்குச் சந்தை நிலவரத்தையும் நிறுவனத் தலைவர்களின் நேர்காணல்களையும் சுற்றியே வந்தது. முதலாளிகளின் சாதியைப் பற்றிப் பேசுவது அத்துறையில் நாகரிகக் குறைவாகக் கருதப்பட்டதும் இதற்கு ஒரு காரணம் எனலாம்.

2008இல் வெளிவந்த 'இந்தியாஸ் நியூ கேப்பிட்டலிஸ்ட்ஸ்' என்னும் நூலில் ஹரீஷ் தாமோதரன் அத்தயக்கத்தை உடைத்தார். இந்தியாவின் புதிய முதலாளிகள் என்று தமிழில் சொல்லத்தக்க அந்நூல், சாதி, வணிகம், தொழில் ஆகிய மூன்றையும் ஒரே தளத்தில் வைத்து நோக்குகிறது. அதன் ஆசிரியர் கல்விப்புலத்தார் அல்லர், நாளிதழ்ச் செய்தியாளர். நூலின் வலிமையும் எல்லையும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

செய்தி என்னும் சொல்

தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணுமிடத்தில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை ஆகியவற்றோடு 'செய்தி' என்பதையும் சேர்க்கிறது. அங்கே அச்சொல்லின் பொருள் தொழில். இன்று நாளிதழில் வருவதைச் 'செய்தி' என்கிறோம். ஒரு நிலத்தில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதே அந்நிலத்தைப் பற்றிய முதன்மைச் செய்தி என்று இத்தற்செயலான ஒற்றுமையை வாசிக்க முடியுமானால், ஹரீஷ் தாமோதரனின் செய்திக் கட்டுரைகளுக்கு அதனைவிடப் பொருத்தமான நுழைவாயில் இல்லை.

அவருடைய வேளாண் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் தொடங்குகின்றன. ஓர் உழவரின் பெயர், அவரது ஊர், வட்டம், மாவட்டம், நிலத்தின் பரப்பு, பயிரிட்ட இரகம், ஏக்கருக்கான செலவு, கிடைத்த விளைச்சல், விற்ற விலை என வரிசையாக விவரங்கள் வரும். அவற்றுக்குப் பின்னரே கொள்கை, ஏற்றுமதித் தடை, குறைந்தபட்ச ஆதரவு விலை போன்ற பெரிய செய்திகள் எட்டிப்பார்க்கும். திணைக் கோட்பாட்டின் சொற்களில் கூறினால், முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் முதலில் நிறுவப்படுகின்றன. கருப்பொருள் அவற்றின்மேல் எழுகிறது. ஆனி மாத மழை தவறினால் துவரை விலை தை மாதத்தில் என்னவாகும் என்ற கணக்கு நிலத்தையும் பொழுதையும் ஒருசேர அறிந்தவரால் மட்டுமே போடக்கூடியது.

உரிப்பொருள் மட்டும் அவரிடம் அரிதாகவே தென்படும். அந்த உழவரின் வீட்டில் அன்று என்ன நிகழ்ந்தது, கடன் கொடுத்தவர் வாசலில் நின்றபோது யார் வெளியே வந்து பதில் சொன்னார் என்பன அவரது எழுத்தின் பரப்புக்கு வெளியில் உள்ளவை. செய்தியாளரிடம் புனைகதையாசிரியரின் பணியை எதிர்பார்ப்பது முறையன்று. எனினும் இந்த விடுபடல் நூல் வடிவத்துக்கு வரும்போது வேறொரு விளைவை உண்டாக்குகிறது என்பதைக் கொங்கு நாட்டின் வழியே காணலாம்.

உழுகுடியும் முதலும்

புதிய முதலாளிகளைப் பற்றிய நூல், இந்திய முதலாளிகள் உருவான வழிகளை மூன்றாகப் பகுக்கிறது. கடைத்தெருவிலிருந்து ஆலைக்குச் சென்றோர் பழைய வணிகச் சாதியினர். அலுவலகத்திலிருந்து ஆலைக்குச் சென்றோர் பிராமணர், கத்ரி, வங்காளத்துப் படித்த வகுப்பினர் முதலானோர். வயலிலிருந்து ஆலைக்குச் சென்றோர் கம்மவார், ரெட்டியார், கவுண்டர், பட்டிதார் போன்ற உழுகுடியினர். தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் மூன்றாவது வழி அகலமாகத் திறந்தது. வட இந்தியாவில் அது திறக்கவேயில்லை அல்லது மிகக் குறுகலாகத் திறந்தது என்பது நூலின் மையக் கருத்து.

இக்கருத்துக்குக் கோவையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். கோவையின் முதல் பஞ்சாலையை 1888இல் நிறுவியவர் ஆங்கிலேயரான ராபர்ட் ஸ்டேன்ஸ். அடுத்த தலைமுறை ஆலைகள் கம்மவார் நாயுடுகளின் கைக்கு வந்தன. ஜி. குப்புசாமி நாயுடுவின் லட்சுமி மில்ஸ் 1910இல் தொடங்கப்பட்டது. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்தார் ஆலையோடு அறநிலையத்தையும் தொழிற்பயிற்சி நிலையத்தையும் 1920களில் உருவாக்கினர். 1930களில் பைகாரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. மின்சாரம் ஆலையை மட்டும் இயக்கவில்லை, கிணற்றையும் இயக்கியது. கமலை இறைத்த இடத்தில் மோட்டார் வந்தது. மோட்டார் பழுதானால் பார்ப்பதற்குப் பட்டறை வந்தது. பட்டறை வார்ப்படச் சாலையாயிற்று. இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்யும் முயற்சி 1937இல் ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரால் கோவையில் வெற்றி கண்டது தற்செயல் அன்று. பஞ்சாலைக்கு வேண்டிய எந்திரங்களைச் செய்யும் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962இல் தோன்றியதும் இத்தொடரின் இன்னொரு கண்ணி.

கவுண்டர்களின் வருகை சற்றுப் பிந்தியது. பொள்ளாச்சி நாச்சிமுத்துக் கவுண்டரின் போக்குவரத்துத் தொழிலும் அவர் மகன் நா. மகாலிங்கம் காலத்தில் வளர்ந்த சர்க்கரை ஆலைகளும் ஒரு வகை. திருப்பூரின் பனியன் கம்பெனிகள் இன்னொரு வகை. முன்னது பெருநிலத்திலிருந்து எழுந்தது. பின்னது பெரும்பாலும் சிறு நிலத்திலிருந்தும் கூலி வேலையிலிருந்தும் எழுந்தது. இவ்விரண்டும் 'உழுகுடி' என்னும் ஒரே தலைப்பின் கீழ் அடங்கும்போது இடையிலுள்ள தூரம் மங்கிவிடுகிறது என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

கொங்கில் இது ஏன் நிகழ்ந்தது? சி.ஜே. பேக்கர் 1984இல் வெளியிட்ட தமிழ்நாட்டு ஊரகப் பொருளாதார வரலாறு இதற்கு விரிவான விடை தருகிறது. காவிரிப் படுகை போல ஆற்று நீரை நம்பிய நிலம் அல்ல இது, கிணற்றை நம்பியது. கிணறு வெட்ட முதல் வேண்டும். முதல் போட்டவர் அதனைத் திரும்ப எடுக்கச் சந்தைக்கான பயிரை விதைக்க வேண்டும். கம்போடியாப் பருத்தி அந்தத் தேவைக்குப் பொருந்தியது. பருத்தி விளைவித்தவர் கொட்டை நீக்கும் அரவையில் இறங்கினார். அரவையில் பழகியவர் நூற்பாலையின் பங்குகளை வாங்கினார். வணிகச் சாதியினரின் ஏகபோகம் இங்கு வலுவாக இல்லாததும் துணைசெய்தது. ஹரீஷ் தாமோதரனின் சிறப்பு இந்த வரலாற்றைப் புதிதாகக் கண்டுபிடித்ததில் இல்லை. ஆந்திரக் கடலோரம், குஜராத், மராட்டியம் ஆகியவற்றோடு கோவையையும் வரிசையாக நிறுத்தி, இது வட்டாரப் பெருமை அன்று, பொதுப் போக்கு என்று காட்டியதில் உள்ளது.

வட்டாரப் பெருமை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. கொங்கின் தொழில் திறத்தைச் சங்க காலக் கொடுமணலோடு நேர்கோட்டில் இணைத்துப் பேசும் வழக்கம் விழா மலர்களிலும் மேடைகளிலும் மிகுந்துள்ளது. நொய்யலாற்றங்கரையில் மணிக்கற்களும் இரும்பும் உருவான கொடுமணலின் தொல்லியல் மதிப்பு மறுக்க முடியாதது. ஆனால் அதற்கும் திருப்பூரின் பின்னலாடைக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளை ஒரே தாவலில் கடப்பது ஆய்வாகாது. ஒரு நூற்றாண்டுக்குள் நிகழ்ந்த மாற்றத்தை நிலம், நீர், விலை, சாதி ஆகியவற்றால் விளக்கும் செய்தியாளரின் கணக்கு இவ்விடத்தில் புலவர்களின் பெருமிதத்தைவிட நம்பகமானது.

வயலிலிருந்து சென்றவர் இருவர்

'வயலிலிருந்து ஆலைக்கு' என்னும் தொடர் கொங்கு நாட்டில் இருவருக்குப் பொருந்தும். ஒருவர் நிலத்தின் உடைமையாளர். மற்றவர் அதே நிலத்தில் பண்ணையாளாக இருந்தவர். இருவரும் ஒரே வயலிலிருந்துதான் புறப்பட்டனர். சில வேளைகளில் ஒரே ஆலைக்கே சென்றும் சேர்ந்தனர். முன்னவர் அலுவலக அறைக்கும் பின்னவர் எந்திரத்தின் அருகிலும் சென்றார்கள் என்பதே வேறுபாடு. ஹரீஷ் தாமோதரனின் நூல் முன்னவரை மட்டுமே பின்தொடர்கிறது.

நூலின் பொருள் உடைமையாளர்களே ஆதலால் இது குறையாகாது என்று வாதிடலாம். அவ்வாதம் முழுமையானதன்று. கிணறு வெட்டிய முதல் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் நூல், கிணற்றை வெட்டிய கை எவருடையது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் மலிவான, கட்டுண்ட உழைப்பும் அந்த முதலின் ஒரு பகுதி. கோவை மாவட்ட ஊர்களை 1980களின் தொடக்கத்திலிருந்து ஆய்ந்துவந்த பொருளியலாளர் ஜூடித் ஹேயர், அருந்ததியரான மாதாரிகள் பண்ணையாள் முறையில் கட்டுண்டிருந்த நிலையையும், அருகில் தொழில் வளர்ந்த பின்னும் அவர்களுக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு குறைவானது என்பதையும் பதிவு செய்திருக்கிறார். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் மாதாரிச் சிறுவனை மையமாகக் கொண்டது. கொங்கு வழக்கில் 'பண்ணாடி' என்ற சொல் நிலவுடைமையாளரைக் குறிக்கும். ஆலைக்குள் நுழைந்ததும் அது 'முதலாளி' ஆகிவிடுகிறது. புதிய முதலாளிகளைப் பற்றிய நூலைக் 'கூளமாதாரி'யோடு சேர்த்து வாசிக்கும்போதுதான் இச்சொல் மாற்றத்தின் நீளம் விளங்குகிறது.

ஆலைக்குள் நிகழ்ந்தவையும் இவ்வாறே. சின்னியம்பாளையம் ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர் நால்வர் 1946 சனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். கோவையின் தொழில் வரலாற்றை முதலாளிகளின் குடும்ப மரங்களாக மட்டும் வரையும்போது இந்நாளுக்கு இடமில்லாமல் போகிறது.

இதே நிலத்தைப் பற்றி வேறு வகையில் எழுதப்பட்ட ஆய்வொன்று ஒப்பிடத்தக்கது. சரத் சாரி 2004இல் வெளியிட்ட திருப்பூர் ஆய்வு, முன்னாள் தொழிலாளர்களான கவுண்டர்கள் எவ்வாறு உடைமையாளராயினர் என்பதை ஆராய்கிறது. அவர்கள் தம் வெற்றிக்குச் சொல்லும் காரணம் ஒரே சொல்: உழைப்பு. சாரி அச்சொல்லை அப்படியே ஏற்கவில்லை. உழவராக இருந்தபோது பண்ணையாளின் வேலையைப் பக்கத்தில் நின்று மேற்பார்த்த பழக்கமே பனியன் கம்பெனியில் தொழிலாளரிடம் வேலை வாங்கும் திறனாக மாறியது என்றும், 'உழைப்பு' என்ற சொல்லே ஒருவகை முதலாகச் செயல்பட்டது என்றும் அவர் வாதிடுகிறார். எல்லோரும் உழைத்தார்கள், சிலரது உழைப்பு மட்டும் மூலதனமாகக் கணக்கிடப்பட்டது. செய்தியாளர் தம் தகவலாளியின் சொல்லைச் சான்றாகக் கொள்கிறார். மானிடவியல் நோக்குடைய ஆய்வாளர் அச்சொல்லையே ஆய்வுப்பொருளாக்குகிறார். ஹரீஷ் தாமோதரனின் பரப்பு இந்தியா முழுவதும் விரிவது; சாரியின் ஆழம் ஒரே நகரில் கிடைப்பது. இரண்டையும் ஒருவரிடமே கேட்பதற்கில்லை. ஆனால் தன்முயற்சியால் எழுந்த மனிதர் என்னும் கதையை ஐயத்தோடு வாசிக்கும் பழக்கத்தைச் செய்தியாளரின் நூல் தன் வாசகருக்குப் போதிய அளவு கற்பிக்கவில்லை என்ற மதிப்பீடு தவிர்க்க இயலாதது.

'கோ' என்னும் முன்னொட்டு

ஹரீஷ் தாமோதரன் தொடர்ந்து எழுதிய செய்திகளுள் 'கோ 0238' என்னும் கரும்பு இரகத்தின் கதை புகழ்பெற்றது. வட இந்திய உழவர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் அந்தக் 'கோ' கோயம்புத்தூரைக் குறிக்கும். 1912இல் கோவையில் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையம், நாட்டுக்கரும்பையும் காட்டுக்கரும்பையும் ஒட்டி 'கோ 205' என்னும் கலப்பினத்தை 1918இல் வட இந்தியாவுக்கு அளித்தது. சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் அப்பணியின் முன்னோடிகள். கரும்பு பூத்து விதைபிடிக்க ஏற்ற தட்பவெப்பம் கோவையில் இருந்ததே நிலையம் இங்கு அமைந்ததன் அடிப்படை. இன்றும் பல மாநிலங்களின் கரும்பு ஆய்வாளர்கள் கலப்புச் செய்வதற்குக் கோவைத் தோட்டத்தையே நாடுகின்றனர்.

அந்நிலையத்தின் கர்னால் வட்டார மையத்தில் பக்ஷி ராம் உருவாக்கி 2009இல் வெளியான கோ 0238, பத்தாண்டுகளுக்குள் உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்தது. அம்மாநில ஆலைகளின் சராசரி சர்க்கரைக் கட்டுமானம் சுமார் 9 விழுக்காட்டிலிருந்து 11 விழுக்காட்டைக் கடந்தது. நூறு கிலோ கரும்பில் இரண்டு கிலோ சர்க்கரை கூடுதல் என்பது கேட்பதற்குச் சிறிய எண். கோடிக்கணக்கான டன் அரைக்கும் மாநிலத்தில் அதன் பொருள் என்ன என்பதை ஆலையின் வரவு செலவிலும் உழவரின் நிலுவைத் தொகையிலும் வைத்து வாசகருக்கு விளங்கச் செய்தவர் ஹரீஷ் தாமோதரன். ஒரு விஞ்ஞானியின் பெயரை முதலமைச்சர்களின் பெயருக்கு இணையாகப் பொருளாதாரச் செய்தியில் நிறுத்தியது அவரது இதழியலின் நல்ல பக்கங்களுள் ஒன்று. பின்னர் அதே இரகத்தைச் செவ்வழுகல் நோய் தாக்கியபோது, ஒரே இரகத்தை நம்பியதன் ஆபத்தையும் அவர் எழுதத் தவறவில்லை.

இந்தச் செய்திகளை அவரது 2008ஆம் ஆண்டு நூலோடு பொருத்தினால் ஒரு முரண் புலப்படுகிறது. கோவை தன் பருத்தியால் உழவரை ஆலை முதலாளியாக்கியது. கோவையின் கரும்போ வட இந்தியாவில் ஆலைகளைப் பெருக்கியது. உழவரை உழவராகவே வைத்திருந்தது. 1932இல் சர்க்கரைக்குக் காப்புவரி கிடைத்தபின் கங்கைச் சமவெளியில் எழுந்த ஆலைகள் பெரும்பாலும் மார்வாடி, பனியா முதலிய வணிகக் குடும்பங்களின் உடைமையாயின. கரும்பு விளைவித்த ஜாட் உழவர் ஆலை வாயிலில் வண்டியோடு காத்திருந்தார். அதே கோவை வட்டாரத்தில் அப்பக்கூடலிலும் சத்தியமங்கலத்திலும் சர்க்கரை ஆலைகளை உழுகுடியினரே நிறுவினர். விதை ஒன்று, நிலம் வேறு, உடைமை முற்றிலும் வேறு. இரகத்தின் தரமோ சந்தையின் விலையோ மட்டும் உழவரின் சமூக இடத்தை மாற்றிவிடுவதில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டுவதில்லை. வேளாண் செய்தியாளரான ஹரீஷ் தாமோதரனையும் சாதி, முதல் பற்றிய நூலாசிரியரான ஹரீஷ் தாமோதரனையும் ஒன்றாக வாசிப்பதன் பயன் இங்கே கிடைக்கிறது. நாளிதழ்க் கட்டுரையின் நீளத்துக்குள் இது விரிவாகச் சொல்லத்தக்கதன்று.

பாலின் கணக்கு

2021இல் பெங்குவின் வெளியீடாக வந்த 'புரோக் டு பிரேக்த்ரூ', ஹட்சன் பால் நிறுவனத்தையும் அதன் நிறுவனர் ஆர்.ஜி. சந்திரமோகனையும் பற்றியது. 1970இல் சென்னை இராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலில் குச்சி ஐஸ் செய்து தொடங்கிய தொழில், அருண் ஐஸ்கிரீமாக வளர்ந்து, 1990களில் ஆரோக்யா பால் வழியே பெருநிறுவனமாகிறது. நிறுவனர் தென்மாவட்டத்து நாடார். தொடங்கிய ஊர் சென்னை. ஆனால் நிறுவனம் பால் தொழிலில் காலூன்றிய களங்களுள் முதன்மையானது சேலம். கருமாபுரத்து ஆலையைச் சுற்றிய ஊர்களின் மாட்டுக்கொட்டகைகளில் கறக்கும் பால் அதன் மூலப்பொருள்.

1991க்குப் பின் பால் பதனிடும் தொழிலின் உரிமக் கட்டுப்பாடு தளர்ந்தது. அதுவரை கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளூர்ப் பால்காரர்களுமே உழவரின் பாலை வாங்கினர். ஊருக்குள் வந்து, கொழுப்பையும் எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் அளந்து, இடைத்தரகரின்றிப் பணம் தரும் தனியார் நிறுவனம் உழவருக்கு இன்னொரு வாயிலைத் திறந்தது. இச்செயல்முறையை ஹரீஷ் தாமோதரனைப் போல் தெளிவாக விளக்கியவர் குறைவு. கொழுப்பின் பத்தில் ஒரு பங்கு கூடினால் அல்லது குறைந்தால் லிட்டருக்கு என்ன ஆகும், குளிரூட்டும் நிலையம் எத்தனை தொலைவில் இருக்க வேண்டும், வண்டி எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்னும் விவரங்களில் அவரது முப்பதாண்டு அனுபவம் வெளிப்படுகிறது.

ஆயினும் இரு நூல்களுக்கும் இடையில் நிகழ்ந்த மாற்றம் சிறியதன்று. முதல் நூலில் தனிமனிதர் தம் சமூகத்தின் மாதிரியாக வந்தார். இரண்டாவதில் சமூகம் தனிமனிதரின் தொடக்கப் பின்னணியாகச் சுருங்குகிறது. நிறுவன வரலாறு என்னும் வகைமைக்கே உரிய இழுப்பு இது: தோல்விகள் வெற்றியின் முன்னுரையாக மாறும், எதிர்ப்புகள் கடக்கப்பட்ட தடைகளாகத் தோன்றும். நூலின் தலைப்பிலேயே இந்தக் கதைப்போக்கு அடங்கியுள்ளது. சந்தையை நிலத்திலிருந்து பார்த்துப் பழகிய ஒருவர் இங்கு அலுவலகச் சன்னலிலிருந்து நிலத்தைப் பார்க்கிறார் என்றால் அது கடுமையான கூற்றாகலாம். ஆனால் பார்வையின் உயரம் மாறியிருப்பது உண்மை.

பால் தொழிலில் விடுபடுவோர் யார் என்பதும் வெளிப்படை. புல் அறுப்பது, கட்டுத்தறி கூட்டுவது, விடியலில் கறப்பது ஆகியவை கொங்கு ஊர்களில் பெரும்பாலும் பெண்களின் வேலை. காட்டு வேலையின் வருமானம் ஆணின் கணக்கில் சேர்ந்தாலும், பால்காசு பல வீடுகளில் பெண்ணின் கையிருப்பு. பணம் எந்தக் கணக்கில் செலுத்தப்படுகிறது என்பது ஆகவே கொழுப்பு விழுக்காட்டுக்கு இணையான பொருளாதாரக் கேள்வி. லிட்டர் விலையைக் காசு வரை கணக்கிடும் எழுத்து, கறக்கும் கையின் கூலியைச் செலவில் சேர்ப்பதில்லை. இக்குறை ஹரீஷ் தாமோதரனுக்கு மட்டும் உரியதன்று. இந்திய வேளாண் செலவுக் கணக்கீட்டில் குடும்ப உழைப்பை எவ்வாறு மதிப்பிடுவது என்ற நெடிய விவாதத்தின் ஒரு முனை அது. அந்த விவாதத்தை ஆதரவு விலை குறித்த கட்டுரைகளில் நன்கு அறிந்து எழுதுபவர் என்பதாலேயே அவரிடம் இதனை எதிர்பார்க்க நேர்கிறது.

நாவல் முந்திய இடங்கள்

வணிக இதழியல் விட்ட இடங்களைக் கொங்கு நாவல்கள் எவ்வாறு நிரப்பின என்பது தனி ஆய்வுக்கு உரியது. இங்கு ஒன்றிரண்டு குறிப்புகள் போதும். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. கோவையில் ஆலைகள் பெருகிக்கொண்டிருந்த அக்காலத்தில் அந்நாவல் நிலப் பங்கீட்டைக் கேட்கும் கைம்பெண் ஒருத்தியின் மீது ஊன்றி நின்றது. குடும்ப நிலம் பிரிக்கப்படாமல் இருப்பதே முதல் திரள்வதற்கு வழி எனில், அதன் விலையை யார் கொடுத்தார் என்பதை நாகம்மாள் வழியே அறியலாம்.

சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' 1998இல் வெளியானது. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் திறக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பாசனத்துக்குக் கட்டிய அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறிக்கொண்டிருந்தது. சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது 2011 சனவரியில். நாவலுக்கும் ஆணைக்கும் இடையில் பதின்மூன்று ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் திருப்பூரைப் பற்றிய வணிகச் செய்திகளில் மேலோங்கியிருந்தவை ஏற்றுமதி மதிப்பும் டாலர் விகிதமும்தான். நீர் ஓர் உற்பத்திச் செலவு என்பதை நீதிமன்றம் சொன்ன பிறகே செய்திக் கணக்கு முழுமையாக ஏற்றது. எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' (2004), பனியன் தொழிலின் வளர்ச்சியோடு சேர்ந்து வளரும் நண்பர்களின் வாழ்க்கையைச் சொல்கிறது. சரத் சாரியின் ஆய்வு வெளியான அதே ஆண்டில் அதே நகரைப் பற்றி வந்த இந்நாவலும் அவ்வாய்வும் இதுவரை தமிழில் சேர்த்து வாசிக்கப்பட்டதைவிட விரிவாக வாசிக்கப்படத் தக்கவை.

நாவல் உயர்ந்தது, செய்தி தாழ்ந்தது என்பது இவ்வொப்பீட்டின் கருத்தன்று. 'சாயத்திரை'யை வாசித்தவருக்கு ஆற்றின் நிறம் தெரியும். சாயப்பட்டறை உரிமையாளருக்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட எவ்வளவு ஆகும், அந்தச் செலவை ஏற்றுமதி விலையில் எவ்வளவு ஏற்ற முடியும் என்பது தெரியாது. அது தெரியாமல் ஆற்றைப் பற்றிய நியாயமும் அரைகுறையாகவே நிற்கும். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் வணிகச் செய்தியாளர்களே.

கொங்கு நாட்டைப் பற்றி ஒரு நூற்றாண்டாகச் சேர்ந்துள்ள பொருளியல் எழுத்தில் முதன்மையானவை பேக்கர், ஹேயர், சாரி, ஹரீஷ் தாமோதரன் என ஆங்கிலத்திலேயே உள்ளன. கோவையின் கல்லூரித் தமிழ்த்துறைகளில் கொங்கு வட்டார நாவல்கள் பற்றி ஆய்வேடுகள் தொடர்ந்து எழுதப்படுகின்றன. அவற்றில் 'பின்புலம்' என்னும் இயலுக்குப் பெரும்பாலும் விழா மலர்களும் மாவட்ட விவரச் சுவடிகளுமே சான்றாகின்றன. வயலிலிருந்து ஆலைக்குச் சென்ற உடைமையாளரின் வரலாறு ஹரீஷ் தாமோதரனிடம் இருக்கிறது. அதே வழியில் நடந்த பண்ணையாளின் வரலாறு ஆய்வுக் கட்டுரைகளிலும் நாவல்களிலும் சிதறிக் கிடக்கிறது. இரண்டையும் ஒரே இயலில் வைத்து எழுதும் பணிக்குத் தேவையான நூல்கள் அனைத்தும் அச்சில் வந்துவிட்டன.